அம்பாசிடருக்கு அகல டயர்

வெள்ளிக்கிழமை, இரவு.

பக்கத்தில் லாரி கடந்தாலே எங்கள் பழைய அம்பாசிடர் ஆட்டம் கண்டுவிடுகிறது. என் வீட்டுக்காரரை பிசியோதெரபிக்கு அழைத்துப் போய் வருவதற்குள் எனக்கு உயிர் போகிறது. இன்று திண்டிவனத்தில் சிகிச்சை முடிந்ததும் டயர் கடையில் நிறுத்தினேன்.

"அகலமா போட்டா ரோட்டைக் கவ்விக்கினு போவும்மா, பேஜாரே இருக்காது" என்றார் கடைக்காரர்.

வண்டிக்குள் இருந்த அவர் "வேணாம், வேணாம்" என்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வரும் ஒரே சொல் அதுதான். சோறு போட்டாலும் அதைத்தான் சொல்வார். "செத்த சும்மா இருங்க" என்று அடக்கிவிட்டு நான்கையும் மாற்றச் சொன்னேன்.

நெடுஞ்சாலையில் நேராகத்தான் வந்தது. விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஸ்டியரிங் என் கைக்கு மசியவில்லை. டயர் மட்கார்டில் உரசியது. எதிரே ஆட்டோ. பக்கத்து சீட்டிலிருந்த அவர்தான் விளங்கும் இடது கையை நீட்டி ஸ்டியரிங்கை இழுத்தார். தப்பித்தோம்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "எந்த சைஸ்னு சொல்லுங்கம்மா, மாத்திக்கலாம்" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வண்டியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரியாததா? போனில் டயர் அளவுகளைத் தேடி ஒவ்வொன்றாக அவரிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் "வேணாம்". ஒன்றைப் படித்தபோது மட்டும் முகம் மாறியது போலிருந்தது. மறுபடி படித்தேன்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

போனை அணைத்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி திண்டிவனம் போக வேண்டும்.