கேட்காமல் கட்டிய வேகம்

ஏப்ரல் 5, ஞாயிறு

என் லேப்டாப்பின் வேகத்தை என்னைக் கேட்காமல் கட்டிவைத்தவன் என் மகன் அருள்குமார். தவறு அவனுடையது. பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பதால் முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

விளையாட்டுக்கென்றே செய்த லேப்டாப் அது. ஓசூரில் வேலை கிடைத்ததும் வேறு வாங்கிக்கொண்டு இதை எனக்குக் கொடுத்தான். கொடுத்தால் கொடுத்ததுதான். போன வாரம் வந்தவன், நான் கடைக்குப் போன நேரம் பார்த்து அதைத் திறந்திருக்கிறான். லாரி விளையாட்டு ஓடும்போது உள்ளிருக்கும் கிராபிக்ஸ் கார்டின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டுகிறதாம்; இன்று நான் போனில் கேட்டதும்தான் சொன்னான். நொடிக்கு முப்பது படத்துக்கு மேல் காட்டாதே என்று அதற்குக் கட்டளை போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான்.

நான் லாரி ஓட்டியவன். கண் சரியில்லை என்று போன வருடம் லைசென்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை. எனக்கு மிஞ்சியது இந்தத் திரையில் ஓடும் சாலைதான். ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக ஓட்டுவோம். எல்லாரும் பழைய டிரைவர்கள். முதல் வண்டி என்னுடையது. தொப்பூர் கணவாயை அப்படியே வரைந்து விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள். அதில் எனக்குத் தெரியாத வளைவு கிடையாது.

இன்று வளைவுக்கு வளைவு வண்டி விட்டுவிட்டு நகர்ந்தது. பின்னால் வந்த கிருஷ்ணகிரி சென்னப்பன் கேட்டான்: “என்னண்ணா, வண்டி விக்குது? தண்ணி குடுங்க.” எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவனே, “இன்னிக்கு முன்னாடி நவநீதன் போவட்டும், நீங்க பின்னாடி வாங்க” என்றான்.

பின்னாடி!

ஏப்ரல் 6

வீடியோ பார்த்து நானே கட்டை அவிழ்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. சூடு தொண்ணூற்று நாலு. பாதி ஏற்றத்தில் லேப்டாப் தானாக அணைந்துவிட்டது.

அருள்குமார் போன் செய்தான். “அவுத்துட்டீங்களாப்பா?”

“அவுத்துட்டேன்.”

“சூடு தாங்காம சிப்பு போயிருச்சுன்னா அதை மட்டும் மாத்த முடியாதுப்பா. போர்டே போயிரும்.”

“லாரிக்கு வேகத்தைப் பூட்ட கருவி மாட்டணும்னு சொன்னப்பவே மொதலாளிகிட்ட சண்டை போட்டவன்டா நானு.”

“அது லாரிப்பா.”

இதுவும் லாரிதான். எனக்கு.

ஏப்ரல் 8

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் தூக்கி வைத்தேன். அடியில்தான் அது மூச்சு இழுக்கிறது. சூடு கொஞ்சம் இறங்கியது. விளையாடி முடித்ததும் உடனே அணைப்பதில்லை. ஏற்றம் ஏறிய இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு அணைப்பதுபோல, விசிறி அடங்கும்வரை காத்திருக்கிறேன். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் எங்கள் வீட்டுக் கூரை தகரம். பாப்பிரெட்டிப்பட்டி வெயிலில் வீட்டுக்குள் வீசுவதே அனல். அந்த அனலை இழுத்து எந்த இயந்திரம்தான் குளிரும்?

இந்த இடத்தில் குளிர்ச்சியாக இருப்பது ஒன்றே ஒன்று. மணிமேகலையின் பட்டுப்புழுக் கொட்டகை. சுற்றிலும் ஈரச் சாக்கு, நடுவில் தொங்கும் வெப்பமானி. என் மனைவிக்கு நாற்பது வருடமாக நான் புருஷன். காலைக் கழுவாமல் அதற்குள் விட்டதில்லை.

கேட்டுப் பார்த்தேன்.

“புழு என்னா, உங்க லாரிக்குக் கிளீனரா? ஒண்ணும் வேணாம்” என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மணிமேகலை மொரப்பூருக்கு ஒரு சீருக்குப் போனாள். புழுக்கள் கடைசித் தோலை உரித்து எழுந்துவிட்டன. காலையிலேயே ராத்திரிக்கும் சேர்த்து இலை போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

லேப்டாப்பைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். ஓரத்து அடுக்கின் முனையில் காலியிடம் இருந்தது.

எழுபத்தாறு டிகிரி! கணவாயின் அடியிலிருந்து உச்சிவரை அதற்கு மேல் ஏறவில்லை. நான் முன்னால். “அண்ணா, இன்ஜின் மாத்திட்டீங்களா?” என்றான் சென்னப்பன். ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தேன்.

ஏப்ரல் 13

காலையில் கொட்டகையிலிருந்து அவள் குரல்: “ஏங்க, இந்த ஓரத்து எலை மட்டும் ஏன் அப்பளமாட்டம் காஞ்சு கெடக்குது?”

“காத்தா இருக்கும்” என்றேன். பொய் இல்லை. காற்றுதான், லேப்டாப் ஊதிய காற்று.

காய்ந்த இலையைப் புழு தின்னாது. அந்த அடுக்கு ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறது. சிலதைப் பொறுக்கித் தனியே போட்டாள்.

மத்தியானம் லேப்டாப்பைப் போட்டால் விசிறி கரகரவென்று அரைத்தது. விளையாட்டைத் திறக்கும் முன்னே தொண்ணூறு. அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் வெள்ளை. தோலுரிக்கும் சமயத்தில் படுக்கை காய்வதற்காகப் புழுமேல் தூவும் சுண்ணாம்புத் தூள்! அதை அடிப்பக்கமாக இழுத்திருக்கிறது. ஈரச் சாக்குக் காற்றோடு சேர்ந்து, சூடு வெளியேறும் தகடுகளில் பூச்சாக இறுகிவிட்டது.

பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மணிமேகலை வந்து நின்றாள். சுண்ணாம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“வூட்டுக்கு வெள்ளையடிக்க ஆளு கெடைக்கலைன்னு இருந்தேன். நீங்க இதுக்குள்ளயே அடிச்சு வெச்சிருக்கீங்க.”

சிரிக்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?” என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டேனே. வேண்டாம் என்றாளே. அப்புறம் என்ன கேட்பது?

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தாள். பேசவில்லை.

ஏப்ரல் 18, சனி

அருள்குமார் புது விசிறியோடு வந்தான். வரச் சொன்னது நானில்லை. திருப்புளியைக் கையில் எடுத்தவன் நின்று, “கழட்டட்டுமாப்பா?” என்று கேட்டான். அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள். சரி என்றேன்.

சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தான். சூட்டைக் கடத்தும் பழைய பசை காய்ந்துபோயிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, சிப்பின் மேல் புதிதாகப் பூசினான். வேலை சுத்தம்தான். அதற்காக அன்று செய்தது சரியாகிவிடாது.

“படத்தைக் கட்டலைன்னா மறுபடியும் எண்பத்தஞ்சைத் தாண்டும். உங்க இஷ்டம்ப்பா” என்று தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீழே கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். சின்ன கியரில்தான் நான் இறங்குவேன். யாரும் பூட்டி இறக்கியதில்லை. நாற்பத்தைந்து படம் என்று நானே போட்டேன். வண்டி விக்கவில்லை. எழுபத்தொன்பதில் நின்றது.

“இதைத்தானே நானும்—” என்று ஆரம்பித்தான்.

“நீ போட்டது முப்பது” என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மற்ற அடுக்குகளில் புழு பழுத்துக் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. ஓரத்து அடுக்கு மட்டும் பின்தங்கி இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. மணிமேகலைக்குக் கூடு கட்டுகிற பக்கம் ஓடவே நேரம் சரியாக இருக்கிறது.

இனி நடக்க வேண்டியவை.

என் லேப்டாப்பைத் தொடும் முன் கேட்க வேண்டும்: அருள்குமார்.

நாற்பத்தைந்துக்கு மேல் ஏற்றக்கூடாது, மாதம் ஒருமுறை விசிறியைத் துடைக்க வேண்டும்: நான்.

ஞாயிறு வரிசையில் முன்னால்: நான்தான். இதில் மாற்றமில்லை. இந்த ஒரு வாரம் மட்டும் நவநீதன் போகட்டும் என்று சென்னப்பனுக்குச் சொல்லியாயிற்று. சாயங்காலம் இலை போடும் நேரம்.

ஓரத்து அடுக்கு கூடு கட்டும்வரை அதற்கு இலை வெட்டிப் போட வேண்டும்: நான். காலைக் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று மணிமேகலையைக் கேட்டுக்கொண்டு.