ஈரல் ஆறும்வரை

அன்புள்ள ராத்தா,

இன்று காலை கிளினிக்குக்குப் போகும் கண்டி பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பெண் தோடம்பழம் உரித்தாள். அந்த வாசனை வந்ததும் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். வளைவுகளில் குமட்டும்போது தோடம்பழத் தோலைக் கைலேஞ்சியில் பொத்தி மூக்கருகே வைத்துக்கொண்டு, பாதியை எனக்கும் நீட்டுவீர்களே.

மார்பகப் புற்றுநோய் கிளினிக்கில், முறை வரும்வரை உட்கார்ந்திருக்கும் வாங்கில்தான் நாம் பழகினோம்; உங்கள் வீட்டார் அக்காவைக் கூப்பிடுவதுபோல நானும் ராத்தா என்றேன். நீங்கள் ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டின் மருமகள். நான் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். இருவருக்கும் ஒரே மாத்திரை. நோய்க்கட்டியைக் குறிவைத்துத் தாக்கும் மருந்து என்றார் டாக்டர். உங்களுக்குத்தான் முதலில் தொடங்கினார்கள்.

சில மாதங்களில் உங்களுக்குச் சோற்று வாசனையே ஆகாமல் போனது. உடம்பெல்லாம் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறது என்றீர்கள். இரத்தத்தைச் சோதித்தார்கள். மருந்து ஈரலைத் தொட்டிருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். ஈரல் ஆறியதும், அளவைக் குறைத்து மறுபடி தொடங்கலாம் என்றார்.

அன்று உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மச்சினர் ஒரு போத்தல் கசாயத்தோடு வந்தார். "ஈரலைக் கெடுக்கிற மருந்து இனி எதுக்கு? இதைக் குடிச்சிட்டு வீட்டோட இருங்க" என்றார்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "நல்ல மனசோட கொண்டு வந்தீங்க. ஆனா ஈரலுக்கு இப்பவே சொகமில்ல. அதுக்கு இன்னொரு வேலையக் குடுக்க ஏலாது."

"அப்ப அந்த மாத்திரையத் திரும்பவும் போடப் போறீங்களா?"

"டாக்டர் சொன்னாப் போடுவேன். சின்ன மக சோதனை எழுதி முடிக்கிற வரைக்குமாவது நான் இருக்கணும்."

மருந்தில்லாத அந்த வாரங்களில் நோய் வளர்ந்துவிடுமோ என்று நான் பயந்தேன். நீங்கள் ஒரு இரத்தப் பரிசோதனையையும் தவறவிடவில்லை. ஈரல் ஆறியது. குறைந்த அளவில் மறுபடி தொடங்கினீர்கள். மகள் சோதனை எழுதினாள். பெறுபேறு வந்த அன்று ஒவ்வொரு பாடமாகப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் நோய் மூளைக்கு ஏறியது.

நீங்கள் இல்லாத இந்த வருடம் என் முறை. எனக்கும் இரத்தத்தில் ஈரலின் அளவுகள் ஏறிவிட்டன, மாத்திரையை நிறுத்தினார்கள். கேள்விப்பட்ட அன்றே என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ராத்தாவும் இதே மருந்துதானே போட்டாங்க? கடைசியில என்ன ஆச்சு? விட்டுருவோம் புள்ள."

"மருந்தால அவங்க போகலைங்க. மருந்தாலதான் அத்தன நாள் இருந்தாங்க. இப்பவும் நான் ஒரேயடியா நிப்பாட்டல. ஈரல் ஆறட்டும்னு இருக்கேன்."

அவர் பயம் எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான்.

நாம் சேர்ந்து போன நாட்களில் டாக்டரிடம் சிங்களத்தில் பேசுவது நீங்கள்தான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். இன்று அவர் இரத்த ரிப்போட்டைப் புரட்டும்போது நானே கேட்டேன்: "டாக்டர், அக்மாவ தென் கொஹொமத?" ஈரல் இப்போது எப்படி என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். கடதாசியை என் பக்கம் திருப்பி, இறங்கியிருந்த அளவுகளை ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். அரிப்போ சோர்வோ வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் வரச் சொன்னார். குறைந்த அளவில் மாத்திரை எழுதித் தந்தார். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான், ராத்தா: கேட்பது, காத்திருப்பது, மறுபடி தொடங்குவது.

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பொதியை மேசையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு கோப்பைச் சுடுதண்ணி கொண்டுவந்தார்; ஆற்றி என் கையில் தந்தார். விழுங்கினேன்.