நான்காம் நாள், பச்சை மையில்

செவ்வாய்க்கிழமை
இரவு பன்னிரண்டே முக்கால்

அன்புள்ள என்னங்க,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். காலையில் எழுதலாமே என்பீர்கள். காலையில் இரண்டு டிபன் டப்பா, ஒரு காணாமல்போன சாக்ஸ், எட்டரைக்குப் பல் கிளினிக்கில் வேலை. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் இந்த மேஜை எனக்குக் கிடைக்கிறது. உங்கள் பெயரை எழுத வரவில்லை. என் போனில் உங்களை "என்னங்க" என்று பதிந்து வைத்தது நீங்கள்தான், அதையே எழுதிவிட்டேன்.

நாங்கள் மூவரும் நலம். நீங்கள் நலம் என்பதை நான் அனுப்பும் செய்திகளுக்கு வாட்ஸ்அப்பில் விழும் இரண்டு நீல டிக்குகளிலிருந்து தெரிந்துகொள்கிறோம். ஏழு வாரமாக உங்களிடமிருந்து வரும் செய்தி அதுதான்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் விசாவுக்கு இருபத்து மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு எங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் பதினெட்டுக்குக் கீழே என்பதால் அப்பாவின் சம்மதமும் வேண்டும். ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாதாம், மையால் போட்ட அசல் கையெழுத்து வேண்டும் என்று விசா ஏஜென்ட் மூன்று தடவை சொல்லிவிட்டார். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கூரியர் நீங்கள் வேலை பார்க்கும் நாட்டுக்கு வந்து சேர ஐந்து நாள், திரும்பி வர ஐந்து நாள். இன்று தேதி ஒன்பது. நடுவில் மிஞ்சுவது நாலு நாள். அது வராவிட்டால் பிள்ளைகள் போக முடியாது.

இனி மற்ற செய்திகள்.

பயணத் திட்டம் ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது, வழக்கம்போல பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். எனக்கு நீலப் பேனா, பெரியவனுக்குக் கறுப்பு, சின்னவளுக்குச் சிவப்பு, உங்களுக்குப் பச்சை. ஏழு நாள். மட்ரிட்டில் நாலு, பார்சிலோனாவில் மூன்று. நீங்கள் போட்ட சட்டம் அப்படியே இருக்கிறது: ஆளுக்கு ஒரு நாள், அந்த நாளில் அவர் சொல்வதுதான், மற்றவர்கள் முணுமுணுக்கக் கூடாது. பெரியவனின் நாள் கால்பந்து மைதானம். ஆள் இல்லாத மைதானத்தைப் பார்க்க டிக்கெட்டா என்று சின்னவள் கேட்டாள். நீ கட்டி முடிக்காத சர்ச்சுக்கு டிக்கெட் வாங்கலையா என்று அவன் திருப்பிக் கேட்டான். பார்சிலோனாவில் இருக்கும் அந்தத் தேவாலயத்தை நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். ரிப்பேர் ஆகாத நம் வீட்டுக் குளியலறைக் குழாய்க்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அவளுக்கு ஒரே ஆறுதல். என் நாளுக்கு நான் எதுவும் எழுதவில்லை. "அம்மா தூங்கலாம்" என்று சின்னவளே சிவப்பில் எழுதிவிட்டாள்.

அவள் போனில் ஸ்பானிஷ் படிக்கிறாள். தண்ணீர் கேட்கவும், கழிவறை எங்கே என்று கேட்கவும், மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்டாயிற்று. இந்த மூன்றும் தெரிந்தால் குடும்பமே நடத்தலாம் என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பயம் நிறைய இருக்கிறது. மெட்ரோவில் பிக்பாக்கெட் அதிகம் என்கிறார்கள், அதனால் பாஸ்போர்ட்டுகளுக்கு இடுப்பில் கட்டும் பை வாங்கியிருக்கிறேன். பெரியவன் அதைக் கட்ட மாட்டேன் என்கிறான், கர்ப்பிணி மாதிரி இருக்கிறதாம். உங்களைவிட இரண்டு விரற்கடை உயரமாகிவிட்டான், உங்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் தொலைந்தால் எங்கே நிற்பது என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் இடம் குறித்திருக்கிறேன். தொலைந்துபோவது நீயாத்தான் இருப்பே என்கிறார்கள் இரண்டு பேரும். சரிதான். விமான நிலையத்தில் வழி கேட்பதெல்லாம் நீங்கள் செய்கிற வேலை. நீங்கள் அங்கிருந்து வந்து மட்ரிட் விமான நிலையத்தில் எங்களோடு சேர்ந்துகொள்வதாகத்தான் ஜனவரியில் பேச்சு.

கிளினிக்கில் லீவு கிடைத்துவிட்டது. எத்தனை பேர் போகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நாலு என்றேன். வாய் தானாகச் சொன்னது. மரத்துப்போகும் ஊசி போட்டவர்களிடம் தினமும் நான் சொல்லி அனுப்புகிறேன், இரண்டு மணி நேரத்துக்கு எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொண்டால்கூடத் தெரியாது என்று. நேற்று ஒரு அம்மாள் திரும்பக் கேட்டார், தெரியாவிட்டால் எப்படிங்க கவனமா இருக்கிறது என்று. அடுத்த முறை வரும் தேதியை எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாகப் பேசியபோது யோசிக்கக் கொஞ்ச நாள் வேண்டும் என்றீர்கள். எதை யோசிக்க என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதத்திலும் அதைக் கேட்கப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

நான்காம் நாள் உங்களுடையது. அந்தக் கட்டம் ரொம்ப நாள் காலியாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை பாலை எடுக்கப் போனபோது அதில் பச்சை மையில் எழுதியிருந்தது: "ரயில் நிலையம். உள்ளே தோட்டம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார வேண்டும். யாரும் அவசரப்படுத்தக் கூடாது." அப்படியே நீங்கள் பேசுகிற மாதிரி. எழுத்து மட்டும் சின்னவளுடையது. பாலை எடுத்துக்கொண்டு கதவை மூடினேன். அன்று சாயங்காலம் ஓட்டல் பார்க்க உட்கார்ந்தோம். நான் நாலு பேர் தங்கும் அறையாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூணு பேர் ரூம் போதும்மா" என்றாள். அப்புறம், "அப்பாவோட நாளை நாமளே பண்ணிடலாம். பெஞ்சுல உட்கார்றதுதானே" என்றாள். பதின்மூன்று வயது. நான் மூன்று பேர் அறையைப் பதிவு செய்தேன். இன்னொரு கட்டில் வேண்டுமானால் போட்டுத் தருவார்களா என்று கீழே சின்னதாக ஒரு கேள்வியும் எழுதினேன். போடுவார்களாம்.

இனி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், நாலு பக்கம் ஆகிவிட்டது.

விசா ஃபைலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோ, வங்கிக் காகிதம், பள்ளிக்கூடக் கடிதம். அதற்கு அடியில் சம்மதப் படிவம் இருந்தது, உங்கள் கையெழுத்தோடு. எனக்குச் சொல்லாமல் பிள்ளைகள் பெயருக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். என் மேல்தான் கோபம், பிள்ளைகள் மேல் இல்லை என்று நினைத்தேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷம் நன்றாக இருந்தது.

பிறகுதான் கடைசி வளைவைப் பார்த்தேன். தூண்டில் முள் மாதிரி கீழே இறங்கி மேலே ஏறியிருந்தது. போன வருஷம் இயந்திரத்தில் விரல் நசுங்கியதிலிருந்து உங்களுக்கு அந்த வளைவு வருவதில்லை. கோடு நேராகப் போய் நின்றுவிடுகிறது. பாஸ்போர்ட் புதுப்பித்தபோது புதுக் கையெழுத்துதான் போட்டீர்கள், நகல் ஃபைலிலேயே இருக்கிறது. விரல் விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள், நானும் சொல்லவில்லை. அதனால் பெரியவனுக்குத் தெரியாது. அவனுக்குப் போடத் தெரிந்தது மூன்று வருஷத்துக்கு முந்தைய உங்கள் கையெழுத்து.

அதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மதிப்பெண் அட்டையை மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும், அப்பா கையெழுத்துத்தான் வேண்டும் என்றார்கள், நீங்கள் அங்கே. நீயே போடுடா, அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார் என்றது நான். வீடியோவில் சிரித்துக்கொண்டே, வாலை இன்னும் கீழே இறக்கு, மீன் மாட்ட வேண்டாமா என்றது நீங்கள். அப்புறம் சுற்றுலாக் கடிதம், லீவு கடிதம், சைக்கிள் நிறுத்தும் அட்டை. இந்த வீட்டில் அப்பா கையெழுத்து என்றால் அவனைக் கூப்பிடுவது என்று ஆகிவிட்டது. நமக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நான் திட்டவில்லை. படிவத்தை மேஜையில் வைத்து இதென்ன என்று மட்டும் கேட்டேன். பல்லில் கட்டியிருக்கும் கம்பியை நாக்கால் தடவிக்கொண்டே நின்றான், சின்ன வயதில் விரல் சூப்பிய அதே முகம். "இவ்ளோ நாள் நான்தானேம்மா போட்டேன்," என்றான். "அப்பா போட மாட்டார்னா, இதையும் நானே போட்டுடறேன்."

இது சட்டப்படி தப்பு, விசா ஆபீசில் பிடித்தால் பெரிய வம்பு என்று சொன்னேன். தலையாட்டினான். சாப்பிட வா என்றேன். வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவுதான் நடந்தது. அதை நான் கிழிக்கவில்லை. கிழித்திருக்க வேண்டும். அலமாரியில் என் சான்றிதழ்களோடு இருக்கிறது. அடுத்த நாள் ஏஜென்டிடம் புதுப் படிவம் வாங்கி வந்தேன். அதுதான் இது.

ஒரு வேண்டுகோள்தான். படிவத்தின் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. "பிள்ளைகளுடன் நானும் பயணம் செய்கிறேன்" என்று ஒன்று. "நான் உடன் செல்லவில்லை, தாயுடன் செல்லச் சம்மதிக்கிறேன்" என்று இன்னொன்று. ஏதாவது ஒன்றில் டிக் போடுங்கள். எதில் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கட்டில் விஷயத்தை அதை வைத்து ஓட்டலுக்கு எழுதிக்கொள்கிறேன். பிள்ளைகளிடமும் அதைக் காட்டிக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்தை நீங்களே போடுங்கள். வளைவு வராவிட்டால் பரவாயில்லை, இப்போது எப்படி வருமோ அப்படி. அவன் அதைப் பார்க்கட்டும். விரலைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நீல மையில் போடுங்கள். பச்சையை ஏஜென்ட் ஒத்துக்கொள்ள மாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் நாளில் அந்த விரல் வலிக்கும் என்றீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான்காம் நாள் காலை பத்து மணியிலிருந்து நாங்கள் அந்த ரயில் நிலையத்துப் பெஞ்சில்தான் இருப்போம். யாரும் அவசரப்படுத்த மாட்டோம்.

திரும்ப அனுப்பும் உறையில் நம் வீட்டு முகவரியை நானே எழுதி வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா