கோல் விழாத ஆட்டம்

யான்பு, சவூதி, 14-10-1994, வெள்ளி

கேம்ப் மைதானத்தில் இன்று சூடானிகளோடு ஆட்டம். எங்கள் அணிக்குப் பெயர்தான் இந்தியா. பதினோரு பேரும் காயல்பட்டினத்துக்காரர்கள். கோல்கீப்பர் இஸ்மாயில் காக்கா செவ்வாயன்று சைட்டில் விழுந்து மௌத்தாகிவிட்டார். அவருடைய கிளவுஸை மாட்டிக்கொண்டு நான் நின்றேன்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. பார்க்க வந்திருந்த ஸ்காட்லாந்து இஞ்சினியர் கைகொடுத்தார். அவர் நாடும் இங்கிலாந்தும் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்திலும் கோலே விழவில்லையாம். ஸ்காட்லாந்துக்கு ஆடிய பதினோரு பேரும் ஒரே கிளப்பாம். தலையாட்டினேன்.

"நல்லா கீப் பண்ணுனே மச்சான்" என்றான், ரூமில் பக்கத்துக் கட்டில் சாகுல்.

நான் எதையும் தடுக்கவில்லை. காக்காவை அடக்கும் முன் நடந்த ஜனாஸா தொழுகையில் நின்ற அதே சூடானிகள், கோல் பக்கம் வரும்போதெல்லாம் பந்தை வெளியே தட்டிவிட்டார்கள். கிளவுஸில் மண்கூட ஒட்டவில்லை.