பிடி அரிசிப் பானை

1974 நவம்பர், ஞாயிறு இரவு.

தூக்கம் வரவில்லை. எல்லாம் அந்த ஜெசிந்தாவால். எப்போதும் ஜெயிப்பதால் நான் அவளுக்கு வைத்த பெயர் ஜெயசிந்தா.

எங்கள் தேவாலயப் பங்கில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயில் பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிறு பூசையில் அந்தப் பானைகளைப் பீடத்தின் முன்னால் வைப்போம். வாராவாரம் அவள் பானைதான் தளும்பும். சாமியாரும் அவளைத்தான் புகழ்வார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வாரம் என் பானையில் உப்பைக் கொட்டி, மேலே ஐந்து பிடி அரிசியைப் பரப்பிவிட்டேன்.

என் பானை நிறைந்திருந்தது. அவளுடையது பாதிதான். சாமியார் என்னைப் புகழ்ந்துவிட்டு, "மழையில உப்பளம் மூழ்கிப்போய் ஜெசிந்தா அப்பாவுக்கு வேலையில்ல. இந்தப் பானை அப்படியே அவங்க வூட்டுக்குப் போவட்டும்" என்றார்.

சாயங்காலம் ஜெசிந்தா பானையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். என் அம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

"அரிசி நல்லா இருந்துச்சாம்மா?"

"நல்லா இருந்துச்சு அத்தை."

அம்மா உள்ளே போனதும் என் காதருகே வந்தாள்.

"உப்பளத்துக்காரங்க எங்களுக்கே உப்பாடி? வெறும் பானைய குடுக்கக் கூடாதுன்னு ஒரு பிடி அரிசி போட்டிருக்கேன், பாரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நான் கொடுத்ததே ஐந்து பிடி. அதிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். எல்லாம் கொடுக்கத் தெரிந்தவளுக்குக் காட்டிக்கொடுக்க மட்டும் தெரியவில்லை. நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.

பொறாமை இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறது.