நெஞ்செரிச்சலுக்குக் கத்தியா?

வெள்ளிக்கிழமை

நீயே சொல் முருகா, நெஞ்செரிச்சலுக்குப் போய் யாராவது ஆப்பரேஷன் செய்வார்களா? எனக்கு அந்த டாக்டர்மேல் நம்பிக்கையே இல்லை. நான் உட்காருவதற்குள் படத்தை எடுத்து வைத்துவிட்டார். இரைப்பையின் மேல்பக்கத்தை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பார்களாம். புடவைக்கு ஓரம் அடிக்கவா நான் போனேன்?

"மூணு மாசமா மாத்திரைய விடாம போட்டீங்களா ஆன்ட்டி?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

"அப்படியும் எரிச்சல் குறையலன்னா, டெஸ்ட் எடுத்துட்டு ஆப்பரேஷன் பத்தி யோசிக்கலாம்."

அவர் முடிப்பதற்குள் மருமகள் கலா, இந்த ஊர்ப் பேச்சில், "செஞ்சிடலாம் லா அத்தை" என்கிறாள். இருவரும் முன்பே பேசி வைத்திருப்பார்களோ?

பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் திறந்தால் இரண்டு அட்டைக்கு மேல் மிச்சம் இருக்கிறது. மருந்து கொடுத்த பெண் தப்பாக எண்ணிவிட்டாள் என்று அவளையும் திட்டினேன்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. செவ்வாயும் வெள்ளியும் உனக்கு விரதம். அந்த நாட்களில் பச்சைத் தண்ணீரைத் தவிர நான் எதையும் விழுங்குவதில்லை, மாத்திரையையும் சேர்த்து.