மிச்சம் நின்ற இரண்டு குளோரின்

செவ்வாய், ஷஃபான் 18

காலையில் மப்பு. பத்து மணிக்குப் பிறகு வெயில். நற்பிட்டிமுனைப் பக்கம் வெட்டு மெசின் சத்தம். முழங்கால் வலி குறைவு.

இன்று பன்னிரண்டு வரி. நேற்று ஒன்பது. வயது எழுபத்திரண்டு, எழுத்துப் பழகி எட்டு மாதம். காலமெல்லாம் உழவு மெசின் ஓட்டினேன், எங்கே போனாலும் பெருவிரல் அடையாளம். இப்போது பெருவிரலுக்கு ஓய்வு.

பெயர்களை முழுதாக எழுதக் கை வலிக்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் செய்வதுபோலக் குறியீடு வைத்துவிட்டேன். மருமகன் = ம. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் = மோ. மகளைச் சுருக்க மனமில்லை. மகள் என்றே எழுதுவேன்.

அந்தப் புத்தகம் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. பதினோராம் வகுப்பு, அட்டை இல்லை. முதியோர் வகுப்பு டீச்சர் சிரித்தா. "இது என்னத்துக்கு வாப்பா ஒங்களுக்கு? நபிமார் கதை தாறன், அத வாசிங்க." அதையும் வாசிப்பேன். முதலில் இது. எதை எதோடு சேர்த்தால் என்ன வரும் என்பதைச் சேர்க்க முன்னமே சொல்லலாமாம். இடப்பக்கம் தாக்கிகள், நடுவில் அம்பு, வலப்பக்கம் விளைவுகள். ஒன்றும் தொலையாது. சோடி மாறும், அவ்வளவுதான். இதை எனக்கு எழுபது வருடமாக யாரும் சொல்லவில்லை.

ஆங்கில எழுத்துகளைப் படம்போல வரைகிறேன். C நல்லாய் வருகிறது.

வியாழன், ஷஃபான் 20

கடற்காற்று. தேங்காய் உரித்தேன், ஏழு.

நானும் மனைவியும் இருப்பது மகள் வீட்டில். சீதனமாகக் கொடுத்த வீடு, எங்களுக்குப் பின் அறை. மாமனார் மருமகனுக்கு மறுபேச்சுப் பேசுவது இந்த ஊரில் வழக்கமில்லை. பதினாறு வருடம் நானும் பேசியதில்லை.

ம. பள்ளிவாசல் நிர்வாக சபைச் செயலாளர். பகல் சோறு தின்னும்போது சொன்னார்: நோன்புக்கு முதல் ஹவுழைக் கழுவ வேண்டும், சனிக்கிழமை வேலை. தொழ முன் கைகால் கழுவி வுழூ எடுக்கிற அந்தத் தொட்டியில் சுவரெல்லாம் சுண்ணாம்பு படிந்த வெள்ளைக் காறை, அடியில் பாசி. காறைக்கு அசிட், பாசிக்குக் குளோரின் தூள்.

"ரெண்டையும் ஒண்டாப் போட்டு உரஞ்சினா ஒரே வேலை. மஃரிபுக்கு முதல் தண்ணி நிரப்பிரலாம். மோதினார் இறங்குவாரு."

கையைக் கழுவிவிட்டு எழும்பினேன்.

பின் அறையில் கொப்பியை எடுத்தேன். காறையும் அசிட்டும் புத்தகத்தில் இருக்கிறது:

CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂

நுரைக்கும். பெரிய பயமில்லை. தூளும் அசிட்டும் புத்தகத்தில் இல்லை. தூளின் குறியீடு மட்டும் வேறொரு பக்கத்தில். நானே சோடி மாற்றினேன். கல்சியம் குளோரினோடு போனது. ஐதரசன் ஒட்சிசனோடு போய்த் தண்ணீர் ஆனது. எண்ணினேன். இரண்டு குளோரின் மிச்சம். போக இடமில்லாமல் நிற்கிறது. மூன்று தரம் எண்ணினேன். மிச்சம்தான்.

CaOCl₂ + 2HCl → CaCl₂ + H₂O + Cl₂

குளோரின் பக்கத்தைப் புரட்டினேன். பச்சை கலந்த மஞ்சள். நச்சு வாயு. காற்றைவிடப் பாரம். பாரம் என்றால் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். ஹவுழ் இருக்கிற அறைக்கு நாலு பக்கமும் சுவர், ஒரு வாசல். மோ. மூச்சிழுப்புக்காரன்.

மனைவி கேட்டா: "மருமகன்ட மொகத்தப் பாத்துச் சொல்லப் போறீங்களா?"

"ஓம்."

"பதினாறு வருஷம் வாயப் பொத்திட்டு இருந்தீங்களே."

"அப்ப எழுதத் தெரியாது."

வெள்ளி, ஷஃபான் 21

ஜும்ஆ நேரம் தூறல். பிறகு புழுக்கம்.

தொழுகை முடிந்து சபை கூடியது. கொப்பியோடு போய்ச் சொன்னேன். சிரித்தார்கள். நெல் ஆலைக்கார ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை, கோபம்.

"நடக்கப்போறது அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும். மறைவான விசயத்துல வாய் வைக்காதீங்க."

"ஹாஜியார், நெல்லக் குத்தினா அரிசி வரும் எண்டு தெரிஞ்சுதானே மில்லுல போடுறீங்க? அதுவும் மறைவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். இந்தமுறை என்னைப் பார்த்தல்ல. ம. முகம் இருண்டது. "மாமா, வீட்டுக்குப் போங்க."

போகவில்லை. அஸருக்குப் பிறகு தொழுகை நேரப் பலகையில் சோக்கால் எழுதினேன். லுஹர், அஸர், மஃரிப், அதற்குக் கீழே என் சமன்பாடு. ஊர் பார்க்க நான் எழுதிய முதல் எழுத்து. ம. வந்து முகம் துடைக்கிற லேஞ்சியால் துடைத்தார். மஃரிபுக்கு முன் திரும்ப எழுதினேன். திரும்பத் துடைத்தார். திரும்ப எழுதினேன். சோக்குத் துண்டு முடிந்தது.

மோ. வந்து பார்த்தான்.

"இந்த இங்கிலீசு எனக்கு விளங்காது காக்கா. என்ன எழுதிரிக்கீங்க?"

"நீ அதுக்க இறங்கினா உயிர் போகும் எண்டு."

"அதையா இவ்வளவு கட்டையா ஒரே வரியில எழுதிரிக்கீங்க?" பிறகு மெதுவாக: "நான் இறங்கமாட்டன் எண்டா வேற மோதினாரத் தேடுவாங்க காக்கா. இறங்கத்தான் வேணும்."

சனி, ஷஃபான் 22

நல்ல வெயில். காற்று கடலில் இருந்து.

சுபஹு தொழுதுவிட்டு நேரே ஹவுழுக்குள் இறங்கிக் குந்திவிட்டேன். தண்ணீர் வடித்திருந்தார்கள். பாசி வழுக்கியது, சாறன் நனைந்தது. ஏழு மணிக்கு வாளியும் போத்தலுமாக வந்தார்கள்.

ம.: "மாமா, எழும்புங்க. ஆக்கள் பாக்காங்க."

"பாக்கட்டும். ஊத்துறண்டா எனக்கு மேலால ஊத்துங்க."

ஹாஜியார்: "கெழவனுக்குப் பிசகிட்டு. தூக்குங்க."

தூக்க ஆள் வரவில்லை. மோ. தொட்டி விளிம்பில் எனக்கு முதுகு காட்டி நின்றான், வழியை மறித்து. அந்த நேரம் என் நெஞ்சு இருந்த நிலையை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

கடைசியில் ம. கோபத்தில் சொன்னார்: "சரி. எல்லாருக்கும் முன்னால கலந்து காட்டுறன். ஒண்டும் வரல்லண்டா இனி இந்தக் கொப்பியத் தொடப்படா."

"சரி. வெளிய வச்சுக் காட்டுங்க. ஒரு கரண்டி போதும். ஊத்திட்டுப் பின்னால வாங்க, குனியாதீங்க."

முற்றத்தில் தயிர்ச் சட்டி. தூள் ஒரு கரண்டி. போத்தல் மூடியால் அசிட். நான் மோ.வைக் காற்று வருகிற பக்கம் இழுத்து வைத்தேன். சீறியது. மஞ்சளாக ஒன்று சட்டிக்கு மேல் எழும்பி, நிலத்தோடு ஊர்ந்தது. ம. குனிந்துதான் பார்த்தார். சொல்லியும் குனிந்தார். இருமல், கண்ணீர், மூச்சு எடுக்க முடியவில்லை. நான்தான் தோளைப் பிடித்து இழுத்தேன். ஹாஜியார் சாறனைத் தூக்கிக்கொண்டு ஓடியது மதரசா வரைக்கும்.

ம. காற்றோட்டத்தில் ஒரு மணி நேரம் குந்தியிருந்தார். டாக்டரிடம் காட்டினோம், பயமில்லை என்றார். நான் சொன்னது சரி வந்ததில் சந்தோசம். அவர் இருமியதில் சந்தோசம் இல்லை. இரண்டும் ஒரே நேரம் நெஞ்சுக்குள். இதற்குச் சமன்பாடு கிடைக்கவில்லை.

ஒரு திருத்தம்: பச்சை எதிர்பார்த்தேன். மஞ்சள்தான் கூட.

முடிவு: இன்று அசிட் மட்டும். மூன்று தரம் தண்ணீர் விட்டுக் கழுவி வடிக்க வேண்டும். தூள் நாளைக்கு. வாசல் திறந்தபடி. இரண்டு நாள் பைப்படியில் வுழூ. மோ. இறங்கினான், ஏறினான், மஃரிபுக்குப் பாங்கு சொன்னான். குரல் நல்லாய் இருந்தது.

திங்கள், ஷஃபான் 24

வெயில். இரவல் வாங்கிய சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காலையில் ஒரு கடிதம். எனக்கு வந்த முதல் கடிதம், யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன். அரை மணி நேரம் எடுத்தது. "தொழுகை நேரப் பலகையில் வேறு விடயங்கள் எழுதுவது இத்தால் தடை செய்யப்படுகிறது." கையொப்பம்: செயலாளர். ம.தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தபாலில் போட்டிருக்கிறார்.

"இத்தால்" என்ற சொல் புதிது. கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பகல் சந்தையில் கறுப்புப் பலகை ஒன்று வாங்கினேன். ரோட்டைப் பார்த்த சுவரில் அடிக்கத் தொடங்கினேன். முதலில் எழுதப்போவது: கழிப்பறை கழுவும் அசிட்டையும் குளோரின் தூளையும் ஒன்றாகப் போடாதீர்கள். கீழே சமன்பாடு. மோ. சொன்னதால் மேலே உள்ளது தமிழில், நீட்டி.

ம. வந்தார். பார்த்தார். "ஆரக் கேட்டு அடிக்கிறீங்க மாமா?"

என் வாயில் ஆணி.

மகள் வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"இன்னம் கொஞ்சம் மேல அடிங்க வாப்பா. பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியோணும்."

மேலே அடித்தேன்.